நீருக்கடியில் ஒரு சிறு வயல்: மீன்தொட்டித் தாவரங்களுக்கு மண் தெரிவு செய்தல்

பயிர் செய்ய எண்ணும் எவரும் முதலிற் பார்ப்பது மண்ணையே. விதை நல்லதாக இருந்தும், நீர் போதியதாக இருந்தும், மண் ஒவ்வாவிட்டால் விளைச்சல் இல்லை என்பது நம் விவசாயிகளுக்குப் புதிதாகச் சொல்லவேண்டிய பாடமன்று. விதைப்பவனைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமையும் இந்த அனுபவத்தின் மேலேயே கட்டப்பட்டது. ஆயினும் மீன்தொட்டியில் வளரும் தாவரங்களைப் பற்றிப் பேச்செழுந்தால் இந்த முதல் அறிவைக் கைவிட்டுவிடுகிறோம். கடையில் விற்கும் பையில் இருப்பதுதான் மண், அது இல்லாவிட்டால் தாவரம் வளராது என்று நம்பிவிடுகிறோம். அந்தப் பையை வாங்கக் கடனும் படுகிறோம்.

அழகு மீன்களும் நீர்த்தாவரங்களும் நம் நாட்டிலிருந்து நீண்ட காலமாக வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. உள்ளூர் நகரங்களிலும் வீட்டில் மீன்தொட்டி வைப்போர் பலர். இத்தொழிலுக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டியதில்லை. நிழல், நன்னீர், சில தொட்டிகள், பொறுமை ஆகியனவே தேவை. 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களுள் இன்னும் தம் காணியை மிதிக்காதோர் உள்ளனர். வன்னியில் மீளக்குடியமர்ந்தும் வயல் இல்லாமல் வளவு மட்டும் உள்ள குடும்பங்களும் உண்டு. பிறர் காணியில் வாழ்பவர் நிலத்தில் நட்டதை எடுத்துச் செல்ல முடியாது. தொட்டியில் நட்டதை எடுத்துச் செல்லலாம். அதனால்தான் இத்தொழிலைப் பற்றி இப்பக்கங்களில் எழுதுவது பொருத்தமெனத் தோன்றியது.

ஆனால் முதலிலேயே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நுண்கடனால் எத்தனை குடும்பங்கள் அவதிப்பட்டன என்பதை நாம் அறிவோம். இத்தொழிலை ஆரம்பிக்கக் கடன் வேண்டாம். இதில் அதிகம் செலவு பிடிப்பதாகச் சொல்லப்படும் அடிமண்ணை உங்கள் கைக்கெட்டிய பொருட்களைக் கொண்டே ஆக்கிக்கொள்ள முடியும். அதை எப்படித் தெரிவு செய்வது, எப்படிச் சோதிப்பது, எப்படி இடுவது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேரால் உண்பவை, இலையால் உண்பவை

மண்ணைத் தெரிவு செய்யுமுன் தாவரத்தைத் தெரிவு செய்யவேண்டும். எல்லா நீர்த்தாவரங்களும் மண்ணை ஒரேயளவில் நாடுவதில்லை.

முதலாவது வகை, பெரும்பகுதி உணவை வேரால் எடுப்பவை. கிரிப்டோகொரைனி, வெலிஸ்னேரியா, எக்கைனோடோரஸ், நம் குளங்களில் காணும் கொட்டி இனங்கள் ஆகியவை இவ்வகையின. இவற்றுக்குப் போசணையுள்ள மண் அவசியம். வெறும் மணலில் நட்டால் சிறிது காலம் உயிரோடிருக்கும், ஆனால் பெருகாது.

இரண்டாவது வகை, ஐக்ரோபிலா, லுட்விஜியா, ரொட்டாலா போன்ற தண்டுத் தாவரங்கள். இவை வேராலும் உண்ணும், இலையால் நீரிலிருந்தும் உண்ணும். நடுத்தர மண் இவற்றுக்குப் போதும்.

மூன்றாவது வகை, அனுபியாஸ், ஜாவா பன்னம் போன்றவை. இவற்றின் கிடைத்தண்டை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ மரக்கட்டையிலோ நூலால் கட்டிவிட வேண்டும். இவற்றுக்காக மண்ணுக்குச் செலவு செய்வது வீண்.

எனவே "எந்த மண் நல்லது?" என்று கேட்பதற்கு முன்னர் "எந்தத் தாவரத்துக்கு?" என்று கேளுங்கள். நெல்லுக்கும் வெங்காயத்துக்கும் ஒரே தறையை நீங்கள் தெரிவு செய்வதில்லை அல்லவா?

நீரின் கீழ் மண்ணுக்கு என்ன நேருகிறது?

நெற்செய்கை செய்தவருக்கு இதை விளங்கிக்கொள்வது எளிது. மீன்தொட்டியின் அடிமண் என்பது ஒருபோதும் நீர் வடியாத வயல்.

நீர் நிறைந்த மண்ணின் இரசாயனத்தை உலகுக்கு விளக்கியவர்களுள் முதன்மையானவர் நம் நாட்டில் பிறந்த விஞ்ஞானி எப்.என். பொன்னம்பெரும. பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த அவர், நீர் மூடிய மண்களின் இரசாயனத்தைப் பற்றி 1972 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இன்றும் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது. வயலுக்காகச் சொல்லப்பட்டவையெனினும் அவர் விளக்கியவை தொட்டிக்கும் பொருந்தும்.

மண்ணை நீர் மூடியதும் அதிலுள்ள நுண்ணுயிர்கள் ஒட்சிசனை விரைவில் உண்டு தீர்த்துவிடுகின்றன. அதன்பின் அவை நைத்திரேற்றையும், பின்னர் மங்கனீசையும், இரும்பையும் பயன்படுத்துகின்றன. செந்நிற மண் நாளடைவில் சாம்பல் நிறமாவது இதனாலேயே. அப்போது இரும்பு கரையும் நிலைக்கு வருகிறது. தாவர வேர் அதை எளிதில் எடுத்துக்கொள்கிறது. இதுவரை நன்மையே. ஆனால் மண்ணில் உக்காத சேதனப் பொருள் அதிகமிருந்தால் காரியம் இத்துடன் நிற்காது. அடுத்த கட்டமாக ஐதரசன் சல்பைட்டு வாயு உண்டாகும். கூழ்முட்டை நாற்றம் அதனுடையதே. அது வேரைக் கருக்கும்; நீரில் கலந்தால் மீனையும் கொல்லும்.

நெற்பயிர் இதை எப்படித் தாங்குகிறது? இலையிலிருந்து வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழிகள் அதன் தண்டில் உள்ளன. நெல்வேரைப் பிடுங்கிப் பார்த்தால் செங்கபில நிறப் படிவு காணப்படும். வேர் வெளிவிடும் ஒட்சிசனால் இரும்பு துருவாகப் படிந்ததன் அடையாளம் அது. நீர்த்தாவரங்களும் இவ்வாறே தம் வேரைச் சூழ்ந்த மண்ணைத் தாமே சீர்படுத்துகின்றன. ஆகவே தாவரம் அடர்ந்த தொட்டியில் மண் நலமாயிருக்கும். ஓரிரு செடி மட்டும் நட்ட தொட்டியில் மண் கெடும்.

பொன்னம்பெரும எடுத்துக்காட்டிய இன்னொரு உண்மையும் நமக்குப் பயனுள்ளது. அமில மண்ணானாலும் கார மண்ணானாலும் நீர் மூடிச் சில கிழமைகளில் அதன் பி.எச். பெறுமானம் பெரும்பாலும் 6.7க்கும் 7.2க்கும் இடையில், அதாவது நடுநிலைக்கு அருகில் வந்து நிற்கும். எனவே மண்ணை ஊறவிட்டுக் காத்திருப்பதே முதலாவது மருந்து. வயலைச் சேறடித்து விட்டுவைப்பதன் பொருளை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும்.

இவையனைத்திலிருந்தும் இரண்டு விதிகள் பிறக்கின்றன. ஒன்று, மண்ணின் தடிப்பு குறைவாக இருக்கவேண்டும்; 2.5 சென்ரிமீற்றர், அதாவது ஓர் அங்குலம் போதும். இரண்டு, அதன்மேல் மணல் மூடியிருக்கவேண்டும். மூடாத மண் நீரைக் கலக்கி, போசணையை நீரில் விட்டு, பாசியை வளர்க்கும். அமெரிக்கரான டயானா வொல்ஸ்டாட் அம்மையார் 1999 ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் சாதாரணத் தோட்ட மண்ணை இவ்வாறு மணலின் கீழ் இட்டு வளர்க்கும் முறையை விரிவாக விளக்கியபின், உலகெங்கும் பலர் இதைப் பின்பற்றி வருகின்றனர்.

நம் கைக்கெட்டும் பொருட்கள்

*ஆற்று மணல்:* போசணை அற்றது; மேல் மூடியாக இடச் சிறந்தது. கடுகளவு மணி, அதாவது 1 முதல் 3 மில்லிமீற்றர் வரையானது, நல்லது. மாப்போன்ற மணல் இறுகிக் காற்றை அடைக்கும். பெருஞ்சல்லியின் இடுக்குகளில் மீனுணவு விழுந்து அழுகும். அனுமதியின்றி ஆற்றில் மணல் அள்ளுவது குற்றம் என்பதையும் மறவாதீர்கள். வீடு கட்டுவோரிடம் எஞ்சிய ஒரு வாளி போதும்.

*கடற்கரை மணல்:* வேண்டாம். உப்பைக் கழுவினாலும் சிப்பித் துகள்களையும் முருகைக்கல் துகள்களையும் கழுவமுடியாது. அவை மெல்லக் கரைந்து நீரைக் கடினமாக்கும்.

*யாழ்ப்பாணச் செம்மண்:* இரும்புச் சத்தும் களித்தன்மையும் உள்ள நல்ல மண். கீழே சுண்ணக்கல் இருப்பதனால் ஆழத்தில் எடுத்த மண்ணில் கல் துண்டுகள் கலந்திருக்கக்கூடும், சோதித்து எடுங்கள். வெங்காயம், புகையிலை, உருளைக்கிழங்கு செய்த தோட்ட மண்ணை எடுக்கவேண்டாம். அதில் தங்கியிருக்கும் பீடைகொல்லி மீனையும் இறாலையும் அழித்துவிடும். பயிரிடாத வளவின் மூலையில், மரநிழலில் உள்ள மண்ணே உகந்தது.

*வன்னியின் செங்கபில மண்:* பெரும்பாலான தாவரங்களுக்கு எவ்வித கலப்பும் இன்றிப் பொருந்தும். அரித்துக் கல்லையும் வேரையும் நீக்கினால் போதும்.

*முருங்கன் கருமண்:* காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்கு ஒருகாலத்தில் களிமண் போனது இப்பகுதியிலிருந்தே. போசணையைப் பிடித்துவைப்பதில் இதற்கு நிகரில்லை. ஆனால் நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும், கலங்கினால் தெளியாது. தனியே இடாது, ஒரு பங்கு கருமண்ணுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து இடுங்கள்.

*குளத்துச் சேறும் வயல் மண்ணும்:* வளமானவை. ஆயினும் உக்காத சேதனப் பொருளும், களைகொல்லி எச்சமும், நத்தை முட்டைகளும் கலந்திருக்கும். வேறு மண் கிடைக்கும்போது இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. எடுப்பதாயின் பலமுறை ஊறவைத்து வெயிலில் உலர்த்தியபின்னரே பயன்படுத்த வேண்டும்.

*கிரவல் மண்ணும் கபுக் கல்லும்:* இரும்பு நிறைந்தவை. 1980களில் ஜேர்மானிய மீன்தொட்டி வல்லுநர்கள் லேட்டரைட் என்று பெயரிட்டு உயர்விலைக்கு விற்ற பொருளும் இந்த இனத்து மண்ணே. தூளாக்கி, மண்ணுடன் பத்திலொரு பங்கு சேர்க்கலாம்.

*செங்கல் தூள், ஓட்டுச் சல்லி:* சுட்ட களிமண் துளைகள் நிறைந்தது. போசணையைப் பிடிக்கும், நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு உறைவிடமாகும். உடைந்து விழுந்த வீடுகளின் ஓடுகள் நம் ஊர்களில் எத்தனை! அவற்றை உடைத்து, அரித்து, கழுவினால் மணலுக்கு மாற்றாகும். சாந்து, சீமெந்து, நிறப்பூச்சு ஒட்டியவற்றை ஒதுக்குங்கள். அடியில் மேயும் மீன்கள் உள்ள தொட்டிக்குக் கூர்முனைகள் ஆகாது. அங்கு மணலையே மூடியாக இடுங்கள்.

*தும்புத்தூள்:* நீருக்கு மேலே இலை வளரும்படி சாடியில் நடுவதற்கு மிக உகந்தது. உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததாயின் உப்பு இருக்கும்; நீரின் கபில நிறம் நீங்கும் வரை பலமுறை கழுவவேண்டும். முழுவதும் நீருள் அமிழ்ந்த தொட்டிக்கு ஏற்றதல்ல, மிதந்து கலங்கும்.

*எரு:* பச்சை எரு ஒருபோதும் வேண்டாம். நன்கு உக்கிய கூட்டெருவானால் மண்ணின் பத்திலொரு பங்குக்கு மேற்படாமல் சேர்க்கலாம். செறிவாகப் பயிர்செய்யும் வலிகாமம் போன்ற இடங்களில் கிணற்று நீரிலேயே நைத்திரேற்று மிகுந்திருப்பதனால் அங்கு கூட்டெருவையும் தவிர்ப்பது நல்லது. இல்லையேல் தாவரத்துக்கு முன்பே பாசி வளரும்.

கடையில் விற்கும் மண்

இறக்குமதியாகும் மணிமண் பைகளைக் குறைகூறுவது நம் நோக்கமல்ல. நீர்த்தோட்டக் கலையில் உலகப் புகழ்பெற்ற ஜப்பானியர் தகாஷி அமானோ (1954–2015) பரவச் செய்தது இவ்வகை மண்ணே. இயற்கை மண்ணை மணிகளாக்கி, வாட்டி எடுக்கிறார்கள். மேல்மூடி தேவையில்லை, நீரின் கடினத்தையும் காரத்தையும் குறைக்கும். மென்னீர் மீன்களுக்கும் நுண்ணிய தாவரங்களுக்கும் உதவும்.

ஆனால் மூன்று விடயங்களைப் பையில் பெரிய எழுத்தில் எழுதமாட்டார்கள். முதற் சில கிழமைகள் அது நீரில் அமோனியாவை வெளிவிடும். அப்போது மீன் விட்டால் சாகும். காலப்போக்கில் மணிகள் குழைந்து சேறாகும்; திரும்பவும் வாங்கவேண்டும். யாழ்ப்பாணக் கிணறுகளைப் போன்ற சுண்ணாம்பு மிகுந்த நீரில், கடினத்தைக் குறைக்கும் அதன் சக்தி விரைவில் தீர்ந்துவிடும். எந்தக் குணத்துக்காக அதிக பணம் கொடுக்கிறோமோ அந்தக் குணமே நம் நீரில் நிலைக்காது. ஆகவே நம் நீரை மாற்ற முயல்வதைவிட, நம் நீரை ஏற்கும் தாவரத்தைத் தெரிவு செய்வதே அறிவு. வெலிஸ்னேரியா கடின நீரை விரும்பும். கிரிப்டோகொரைனி வென்ட்டி, கிரிப்டோகொரைனி பெக்கெற்றி ஆகியனவும் அதைப் பொறுத்துக்கொள்ளும்.

செலவில்லாத நான்கு சோதனைகள்

1. தேசிக்காய்ச் சோதனை: உலர்ந்த மண்ணில் ஒரு கரண்டி எடுத்துத் தேசிக்காய்ச் சாறு அல்லது வினாகிரி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உண்டு; அந்த மண்ணை விலக்குங்கள். மணலையும் இவ்வாறே சோதியுங்கள்.

2. போத்தல் சோதனை: கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு மண்ணிட்டு, நீர் நிரப்பிக் குலுக்கி, ஒரு நாள் அசையாது வையுங்கள். அடியில் மணலும், நடுவில் வண்டலும், மேலே களியும் படியும். களிப்படை பாதிக்கு மேற்பட்டால் மணல் கலவுங்கள். மிதப்பவற்றை அகற்றுங்கள்.

3. நாற்றச் சோதனை: மண்ணை வாளியில் நீர்மூடி இரண்டு கிழமை வையுங்கள். குச்சியால் கிளறும்போது மழைநேரத்து மண்வாசனை வந்தால் நல்லது. கூழ்முட்டை நாற்றம் வந்தால் அதில் சேதனப் பொருள் மிகை. இன்னும் உலர்த்தி ஊறவைக்க வேண்டும்.

4. உயிர்ச் சோதனை: சிறிய போத்தலொன்றில் அதே மண்ணை இட்டு, மேலே மணல் பரப்பி, நீர்விட்டு, ஒரு தண்டுத் தாவரத்தை நடுங்கள். நான்கு கிழமையின்பின் புதிய இலை வந்திருந்தால் இரண்டு கப்பி மீன்களை விடுங்கள். அவை ஒரு கிழமை சுறுசுறுப்பாக இருந்தால் அந்த மண்ணை நம்பலாம்.

மண்ணை இடும் முறை

தெரிவு செய்த மண்ணை வாளியில் ஊறவைத்து, மிதக்கும் குப்பையை வடித்து, பொலித்தீன் விரிப்பில் பரப்பி வெயிலில் உலர்த்துங்கள். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்யும்போது உக்கக்கூடியவை உக்கிவிடும். பின்னர் அரிதட்டில் அரித்தெடுங்கள்.

அளவைக் கணக்கிடுவது எளிது. இரண்டு அடி நீளமும் ஓர் அடி அகலமும் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 60 சென்ரிமீற்றருக்கு 30 சென்ரிமீற்றர். 2.5 சென்ரிமீற்றர் தடிப்புக்கு 4.5 லீற்றர் மண்ணும், மேலே 3 சென்ரிமீற்றர் மூடிக்கு 5.4 லீற்றர் மணலும் தேவை. இரண்டும் சேர்ந்து 10 லீற்றர் வாளியொன்றுக்குள் அடங்கிவிடும். கண்ணாடித் தொட்டி இல்லாவிட்டால் பிளாஸ்ரிக் பேசினும், மீன் ஏற்றிவரும் றிஜிபோம் பெட்டியும் போதும்.

மண்ணைச் சேறாகக் குழைத்துப் பரப்பி, குமிழிகளை விரலால் அமுக்கி வெளியேற்றுங்கள். கழுவிய மணலை மேலே மெதுவாகத் தூவுங்கள். பிங்கானொன்றை மணலின்மேல் வைத்து அதன்மேல் நீரை ஊற்றினால் மண் கலங்காது. முதல் நாளிலேயே அடர்த்தியாக நடுங்கள். வேர் மண்ணைத் தொடவேண்டும், குருத்து மணலுக்கு மேலே நிற்கவேண்டும். முதல் மாதம் கிழமைக்கு இருமுறை பாதி நீரை மாற்றுங்கள். தொட்டியைக் கிடுகு அல்லது நிழல் வலையின் கீழ் வையுங்கள்.

நீர் தேங்கிய தொட்டி நுளம்புக்கு வீடு. டெங்கு நம் பகுதிகளில் எத்தனை உயிர்களைப் பறித்தது என்பது தெரிந்ததே. ஆகவே மீன் விடும் நாள்வரை தொட்டியை நுளம்பு புகாத வலையால் மூடிவையுங்கள். நான்கு கிழமையின் பின் கப்பி மீன்களை விட்டால் அவை குடம்பிகளைத் தின்றுவிடும். மண்ணைக் கிளறும் கெண்டை, பொன்மீன் ஆகியவற்றை விடவேண்டாம்.

விற்பனைக்கு வளர்ப்போர் கவனத்துக்கு

மண் ஒட்டிய தாவரங்களைப் பல நாடுகள் ஏற்பதில்லை. நோய், பூச்சி அற்றவை என்ற தாவர சுகாதாரச் சான்றிதழும் கேட்கின்றன. எனவே ஏற்றுமதியாளருக்கு வழங்க எண்ணுவோர் இரண்டு விதமாக வளர்க்கவேண்டும். தாய்ச்செடிகள் மண்தொட்டியில் இருக்கட்டும். அவற்றில் தோன்றும் கன்றுகளைப் பிரித்து, வேரைக் கழுவி, தும்புத்தூளும் மணலும் கலந்த சிறு சாடிகளில் நடுங்கள். சாடியின் அடி நீரில் நிற்க, இலைகள் ஈரக்காற்றில் வளரும்படி பொலித்தீன் கூடாரத்தில் வைத்தால் கிரிப்டோகொரைனி நன்கு வளரும். வாங்குபவர் யார், எந்த இனத்தை, எந்த அளவில், என்ன விலைக்கு எடுப்பார் என்பதை அறியாமல் இரண்டு தொட்டிக்கு மேல் ஆரம்பிக்கவேண்டாம். 1998 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையான நக்டாவின் அலுவலரிடம் பயிற்சி, சந்தை பற்றி விசாரியுங்கள். தனித்தனியாக அல்லாமல் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து போனால் பேரம் பேசும் பலமும் கிடைக்கும்.

இன்னொன்று. கிரிப்டோகொரைனி இனங்களுட் பல உலகில் இலங்கையில் மட்டுமே இயற்கையாக வளர்பவை. தென்மேற்கின் நிழலடர்ந்த ஓடைகளே அவற்றின் தாயகம். சில இனங்கள் அழிவின் விளிம்பில் உள்ளன. காட்டு ஓடையில் பிடுங்கி விற்பது சட்டத்துக்கும் படைத்தவருக்கும் எதிரானது. வளர்ப்பவரிடம் தாய்ச்செடி வாங்கிப் பெருக்குங்கள்.

பிடுங்கி நட்ட செடி

பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி எழும் ஒரு கேள்வி உண்டு. கிரிப்டோகொரைனியை நட்ட சில நாட்களில் இலைகள் யாவும் கண்ணாடி போலாகிக் கரைந்து விழுகின்றன; மண் பிழையா? பெரும்பாலும் மண் பிழையல்ல. இடம் மாறினால் இலையை இழப்பது இச்செடியின் இயல்பு. நீரும் ஒளியும் மாறியதை அது அவ்வாறு தாங்கிக்கொள்கிறது. இந்த வேளையில் பலர் செய்வது என்ன? செத்துவிட்டது என்று பிடுங்கி எறிகிறார்கள், அல்லது வேறு தொட்டிக்கு மாற்றுகிறார்கள். அதுதான் செடியைக் கொல்கிறது. வேர்த்தண்டு உறுதியாக இருக்குமானால் கரைந்த இலைகளை அகற்றிவிட்டு, மண்ணைத் தொடாமல் விடுங்கள். சில கிழமைகளில் புதிய குருத்து வரும். அது அந்த நீருக்கும் அந்த மண்ணுக்கும் பழகிய இலையாக இருக்கும்.

பிடுங்கிப் பிடுங்கி நடப்பட்ட வாழ்வின் நோவை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மக்களை ஓரிடத்தில் நிலைக்கவிடாமல் திட்டத்துக்கு மேல் திட்டமாக மாற்றிக்கொண்டிருப்போரும், நிவாரணம் கொடுத்ததுடன் கடமை முடிந்ததென எண்ணுவோரும் இச்செடியிடம் கற்கவேண்டியது உண்டு. வேர் பிடிக்க மண்ணும், யாரும் அசைக்காத சிறிது காலமும் வேண்டும். சொந்தக் காணி கேட்கும் உரிமைக் குரலுக்கு இத்தொழில் மாற்றீடு ஆகாது. அந்தக் குரல் ஓயவும் கூடாது. ஆயினும் காத்திருக்கும் காலத்தில், மண்ணை அறிந்த கைகள் சும்மா இருக்கவேண்டியதில்லை.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு வாளி மண்ணை எடுத்துத் தேசிக்காய்ச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைக்காவிட்டால் ஊறவையுங்கள். ஒரேயொரு தொட்டியுடன் ஆரம்பியுங்கள். நான்கு கிழமையில் உங்கள் மண் உங்களுக்குப் பதில் சொல்லும்.